நிழலுக்கு ஒன்றரை ஷிப்ட்

வெள்ளிங்கிரி வீட்டுப் பெட்டியில் புதுப் பிராசசரை மாட்டி முடித்த ஜெபராஜ், திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டே, திரையில் ஒரு கேள்வி நிற்கிறது, அதற்கு மட்டும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றான். பிராசசரின் வேகத்தை அளவுக்கு மேல் கூட்டலாமா, அதாவது ஓவர்கிளாக் செய்யலாமா என்பது கேள்வி. கீழே ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

கம்பெனியே அழுத்திக்கொள்ளக் கூடாதா என்று வெள்ளிங்கிரி கேட்டார். கூடாதாம். பெட்டி அவருடையது, கரண்ட் அவருடையது, பெட்டி இருக்கிற வீட்டுக்கு வாடகை கொடுப்பதும் அவர். வேகம் கூட்டினால் சூடாகும். சூடாகிக் கருகிப்போனால் பிராசசருக்கு கியாரண்டி கிடையாது. ஆகவே பெட்டிக்காரர் தன் விரலால் அழுத்தினால்தான் செல்லும். ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள் இருக்கிற இந்த வளவில் மற்ற எல்லோரும் அழுத்திவிட்டார்கள், நீங்கள்தான் பாக்கி என்றும் ஜெபராஜ் சொன்னான். அவன் கம்பெனி ஆள்தான். ஆனாலும் வீடுவீடாகப் போய்ப் பெட்டியைப் பழுது பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் மனிதர் மாதிரி பேசுவான்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பதைத் திருப்பூரில் எல்லோரும் நிழல் என்றுதான் சொன்னார்கள். கம்பெனி அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது, ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. பனியன் கம்பெனிகளில் ஆட்களை நிறுத்துவதற்கு முன்னால் டெய்லர்களை ஒவ்வொருவராக ஒரு ஏ.சி. ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். கையில் கம்பி பின்னிய உறை, தலையில் வலை மாதிரி ஒரு தொப்பி. மாட்டிவிட்டு ஒரு ஷிப்ட் முழுக்கத் தைக்கச் சொன்னார்கள். கை போகிற போக்கு மட்டும் போதாதாம். துணி நழுவப்போகிறது என்பது கைக்கு முன்னால் தலைக்குத் தெரிகிறதே, அதுவும் வேண்டுமாம். எடுத்ததை அவரவர் வீட்டுப் பெட்டியில் இறக்கிவிட்டார்கள். இப்போது பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் வரிசையாக இரும்புக் கைகள் தைக்கின்றன. ஒவ்வொரு கையையும் ஒரு வீட்டுப் பெட்டி ஓட்டுகிறது. கைக்குச் சொந்தக்காரர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், கை தைத்த கணக்குக்குக் கூலி வந்துவிடும். சும்மா உட்காருவதும் ஒரு வேலைதான் என்று பழகப் பழகத்தான் தெரிந்தது.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்டாப்வாட்சோடு நேரம் பார்க்கிறவர் பக்கத்தில் வந்து நின்றால் கை தானாக மெதுவாகிவிடும். அறுந்த நூலைக் கோக்க ஒரு யுகம் ஆகும். அவர் குறித்துக்கொண்டு போகிற நேரம்தான் நாளைக்கு டார்கெட்டாக வந்து தலைமேல் உட்காரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏ.சி. ஹாலுக்குக் கூப்பிட்டபோதும் அதே யோசனைதான் ஓடியது. ஆனால் தொப்பி தலைக்குள் பார்க்கிறது, வேண்டுமென்று மெதுவாக ஓட்டினால் பிடித்துவிடும் என்று பேச்சு. எனவே வெள்ளிங்கிரி நடிக்கவில்லை. ஷிப்மெண்ட் அவசரத்தில் ஒன்றரை ஷிப்ட் மேல் ஒன்றரை ஷிப்டாக, கண்ணை மூடாமல் ஓட்டிவிட்டு, நேராக அந்த ஹாலுக்குப் போய் உட்கார்ந்தார். களைத்த கைக்குக் கம்மியான டார்கெட்தானே வைப்பார்கள். வளவே அவர் மூளையை மெச்சியது. அவரைப் பார்த்துச் சிலர் அப்படியே செய்தார்கள்.

மற்றவர்கள் பெட்டியை ஓட விட்டுவிட்டு டிவி பார்த்தார்கள். வெள்ளிங்கிரி பெட்டியின் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். கொட்டகையில் தன் இரும்புக் கை தைப்பது அதில் தெரியும். பனியனின் தோள்பட்டை மூட்டுவது, அதாவது இரண்டு பக்கத் துணியையும் தோளில் சேர்த்துத் தைப்பது, அதன் வேலை. சில டஜன் ஓடியதும் அந்தக் கை ஒரு கணம் நின்று, மணிக்கட்டிலிருந்து இரண்டு தரம் உதறிக்கொள்ளும். மரத்துப்போன கையை மனிதர் உதறுகிற மாதிரி. அப்புறம் மறுபடி தைக்கும். இரும்பில் மரத்துப்போக என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. அதைத்தான் அன்றைக்கு ஜெபராஜிடம் கேட்டார்.

“அதுக்குக் கை வலிக்குதுங்களா தம்பி?”

“வலியெல்லாம் இல்லண்ணே. உங்க பழக்கம் பதிஞ்சிருக்கு. அவ்வளவுதான்.”

“தூக்கம் வேண்டாமா அதுக்கு?”

“எதுக்கு? தினம் காலையில அது புதுசாத்தான் ஆரம்பிக்குது. நேத்து தைச்சது எதுவும் அதுக்கு நினைவு இருக்காது.”

“எங்கிருந்து ஆரம்பிக்குது?”

“பதிவு எடுத்த இடத்துலேருந்துதான்.”

வெள்ளிங்கிரி திரையைப் பார்த்தார். பதிவு எடுத்த இடம் என்றால், கண்ணில் மணல் விழுந்த மாதிரி எரிய, அந்த ஹாலில் உட்கார்ந்த காலை. தினமும் அதே காலை.

வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார். அதன் கடிகாரமும் சேர்ந்து கூடும் என்றான் ஜெபராஜ். நமக்கு ஒரு ஷிப்ட் என்றால் உள்ளே இருப்பதற்கு ஒன்றரை. சொல்லிவிட்டு, யோசித்து அழுத்துங்கள் என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

யோசிக்க விடவில்லை மயில்சாமி. ஒரே சுவரின் அந்தப் பக்கத்து வீடு அவனுடையது. பழைய கம்பெனியில் பக்கத்து மிஷின். கொட்டகையிலும் வெள்ளிங்கிரியின் கைக்கு அடுத்த கை அவனுடையதுதான். முதலில் தோள்பட்டை மூட்டினால்தான் பனியன் அடுத்த கைக்குப் போகும். முதல் கை மெதுவாக இருந்தால் பின்னால் இருக்கிற முப்பது நாற்பது கைகளும் துணி வராமல் மேசைமேல் சும்மா கிடக்கும். வளவுக்காரர்கள் புதுப் பிராசசர் போட்டு, வேகத்தைக் கூட்டி, காத்துக்கொண்டிருந்தார்கள்.

“காலம் பூரா ஓவர்லாக் மிஷின் ஓட்டுன மனுசன், இந்த ஓவர்கிளாக்குக்குப் போயி பயப்படறீங்களேங்ணா” என்றான் மயில்சாமி. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளிங்கிரியும் சிரித்துவைத்தார்.

அவர்கள் போன பிறகு ஒருமுறை ஆம் என்பதை அழுத்திப் பார்த்தார். பெட்டியின் விசிறி சீறியது. திரையில் கை பறந்தது. தைப்பது கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை, ஆனால் உதறுவது தெரிந்தது. முன்பு சில டஜனுக்கு ஒருமுறை. இப்போது டஜனுக்கு ஒருமுறை. உதறல் முடியாமலே அடுத்த துணியை எடுத்தது. டீ ஆறுவதற்குள் இல்லை என்பதை அழுத்திவிட்டார்.

அதுவும் வளவுக்குத் தெரிந்துவிட்டது. வேகம் வந்ததும் குறைந்ததும் எல்லோர் திரையிலும் தெரியுமே. மறுநாள் சத்தம் போட ஆட்கள் வந்தார்கள். முன்பு சத்தம் போட ஒரு சூப்பர்வைசர் இருந்தான். அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டியபடி எல்லோரும் ஒன்றாக நின்று டீ குடித்தார்கள். இப்போது சூப்பர்வைசருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய அவசியம் கம்பெனிக்கு இல்லை. கூடச் சேர்ந்து டீ குடித்தவர்களே அந்த வேலையைப் பார்த்தார்கள். லைனைக் கெடுக்கிறாய் என்றார்கள். எங்கள் பிள்ளைகுட்டி வாயில் மண்ணைப் போடுகிறாய் என்றார்கள். உள்ளே இருக்கிறது நீ இல்லை, நீ இங்கேதான் சட்டை போடாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருத்தர் கையைப் பிடித்துக் கிள்ளியே காட்டினார். வலித்தது.

அவர் மனைவி துளசிமணி வேலைக்குப் போய்வந்தவுடன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். அவள் வேஸ்ட் குடோனில் கட்பீஸ் துணியை நிறம் நிறமாகப் பிரிக்கிறவள். வெட்டி எறிந்த துணி மலையாகக் கிடக்கும். குனிந்து இழுத்து, பிரித்து, மூட்டை கட்ட வேண்டும். அந்த வேலைக்கு இன்னும் இரும்புக் கை வரவில்லை, ஏனென்றால் பெண்கள் அதைவிட மலிவு. தலையில் படிந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே, அழுத்திவிடுங்கள் என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். பெட்டிக்குள் இருக்கிறவனுக்குக் கை மரத்துப்போகிறது என்று வெள்ளிங்கிரி சொன்னார். தூங்காதவன், பாவம் என்றார்.

அவள் அவரையே பார்த்தாள்.

“ஏனுங் மாமா, இத்தன வருசமா நான் மூட்டை இழுக்கறனே. எனக்குக் கை மரத்துப்போகுதான்னு ஒருநாள் கேட்டிருக்கீங்களா?”

அவர் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

“பெட்டிக்குள்ள இருக்கறவனுக்குப் பாவம் பாக்கறீங்க. ஏன்னா அது நீங்க.”

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் கோபப்பட்டிருக்கலாம்.

ஒரு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றியது. நாலு நாள் வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, தெளிந்த தலையோடு போய் மறுபடி பதிவு கொடுத்துவிட்டால் என்ன? பழைய நிழலை அழித்துவிடட்டும். புதியவன் தினமும் தூங்கி எழுந்த முகத்தோடு ஆரம்பிப்பான். அவனுக்கு வேகத்தைக் கூட்டினாலும் தாங்குவான். வளவும் வாயை மூடும். அந்த நாலு நாளும் வெள்ளிங்கிரி ஒரு வேண்டுதல் மாதிரி தூங்கினார். கனவில்லாத தூக்கம். கண் தெளிந்தது. விரல்கள்கூட இளகினாற்போல் இருந்தன. சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, ஏ.சி. ஹாலுக்கு பஸ் ஏறினார்.

ஹாலில் தொப்பிகள் இல்லை. மேசைகளை ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். ஜெபராஜ் தரையில் உட்கார்ந்து பழைய பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். வெள்ளிங்கிரி வந்த காரியத்தைச் சொன்னதும் கையில் இருந்ததைக் கீழே வைத்தான்.

புதுப் பதிவு எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். தூங்கி எழுந்து வந்தவர்களின் பதிவுகளையும் ஓட்டிப் பார்த்தார்களாம். ஒன்றும் உருப்படவில்லை. தெளிந்த மனிதன் துணியை எடுத்தால் ஒருமுறை திருப்பிப் பார்க்கிறான். நிறம் நன்றாக இருந்தால் அதற்கு ஒரு நொடி. பக்கத்து மிஷின்காரன் நினைப்பு வருகிறது. மனசுக்குள் பாட்டு ஓடுகிறது. அத்தனையும் தொப்பியில் பதிந்து, இரும்புக் கைக்கும் வந்துவிடுகிறது.

“அசந்துபோன ஆளுதாண்ணே வேணும்” என்றான் ஜெபராஜ். “அவன் அக்கம்பக்கம் பாக்க மாட்டான். ஒரு நினைப்பும் ஓடாது. தையல், தையல், தையல். நடுவுல ரெண்டு தரம் கைய உதறுவான். அது ஒண்ணும் பெரிய நஷ்டமில்ல.”

“எங்க யோசனை உங்களுக்குத் தெரியுமா?”

“தூங்காம வந்தீங்களே, அதா? தெரியும். மேல இருக்கறவங்க சிரிச்சாங்க.”

வெள்ளிங்கிரி சுவரில் சாய்ந்துகொண்டார். ஜெபராஜுக்கு என்ன தோன்றியதோ, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“இருந்த பதிவுலயே உங்களுதுதாண்ணே நல்ல பதிவு. போன வருசமே மத்தவங்களுத அழிச்சுட்டாங்க. லைன் பூரா ஓடுறது நீங்கதான்.”

“மயில்சாமி பொட்டியில?”

“நீங்கதான்.”

“அடுத்து?”

“எல்லாம் நீங்கதாண்ணே. வெளிய சொல்லிறாதீங்க. கை அவங்களுது இல்லேன்னு பேச்சு வந்துட்டா, அவங்களுக்குக் கைக்கான கூலி நின்னுரும். பெட்டி வாடகைதான் குடுப்பாங்க.”

அப்படியானால் எனக்கு என்ன கூலி என்று கேட்டிருக்கலாம். துளசிமணியாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள். அவருக்கு அது தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். தூங்கித் தெளிந்த கை. இதை யாரும் கேட்கவில்லை.

வளவுக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெட்டி விசிறிகளின் சத்தம். நேற்றுவரை அது வெறும் சத்தம். மயில்சாமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை, திரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தார். அந்தக் கை துணிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தோள்பட்டை மூட்டுகிற முதல் கை அவருடைய பெட்டி ஓட்டுவது, மெதுவானது. ஆகவே அடுத்த துணி வரும்வரை இந்தக் கைக்கு வேலையில்லை. மணிக்கட்டை மேசை விளிம்பில் போட்டு, விரல்களை விரித்து, அப்படியே கிடந்தது. துணி வந்தது. எடுத்துத் தைத்தது. மறுபடி மேசைமேல் கிடந்தது. அவ்வளவு நேரம் நின்றும் அது ஒருமுறைகூட உதறிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வளவு வந்து வந்து சண்டை போட்டது இந்தக் கிடப்புக்காகத்தான். முன்னால் இருக்கிற ஒருவன் மெதுவாக ஓடினால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் கொஞ்சம் கொஞ்சம் படுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து திரைமுன் உட்கார்ந்தார். ஆம், இல்லை என்ற கட்டங்களுக்குக் கீழே இன்னொன்று இருந்தது, வேகத்தை இருக்கிற அளவுக்கும் கீழே இறக்குவது. அதை யாரும் கேட்பதில்லை என்பதால் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். வெள்ளிங்கிரி அதைத் தொட்டு, போகிற மட்டும் இறக்கினார். விசிறி அடங்கியது. திரையில் அவருடைய கை, சினைப்பசு நடக்கிற மாதிரி, ஒரு தையல் போட்டு அடுத்த தையலுக்குப் போனது.

அந்த நாட்களில் வளவில் நடந்ததைச் சொல்லி மாளாது. மயில்சாமி முகத்துக்கு நேராகவே திட்டினான். சோற்றில் உப்பு போட்டுத்தான் தின்கிறீர்களா என்று அவன் பெண்டாட்டி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். துளசிமணிக்கும் காரணம் புரியவில்லை. கூட்டாமல் இருந்தால் பிடிவாதம் என்று விடலாம், இறக்கி வைப்பது என்ன கணக்கு என்றாள். அவளிடம் சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் குடோனில் அவளும் மயில்சாமி பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து துணி பிரிக்கிறவர்கள். சொன்னால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் சேதி அங்கே போய்விடும். போனால் வளவு முழுக்கக் கைக்கான கூலி நின்றுபோகும். திட்டட்டும் என்று இருந்துவிட்டார். யார் திட்டினாலும், மத்தியானம் மயில்சாமி வீட்டு வாசல் வழியாகப் போகும்போது ஓரக்கண்ணால் திரையைப் பார்ப்பார். கை மேசைமேல் கிடக்கும். அதைப் பார்த்தபின் அவருக்கும் கொஞ்சம் படுக்கத் தோன்றும்.

அது ஒரு வாரம்கூட ஓடவில்லை. ஒரு காலையில் அவருடைய பெட்டி கிளம்பவே இல்லை. திரையில், உங்கள் பெட்டி லைனிலிருந்து விடுவிக்கப்பட்டது, இதுவரை ஒத்துழைத்ததற்கு நன்றி என்று இருந்தது. தோள்பட்டை மூட்டுகிற வேலையை, மயில்சாமி பெட்டி ஏற்கெனவே பார்த்துவந்த பக்கவாட்டு மூட்டு வேலையோடு சேர்த்து, அதற்கே கொடுத்துவிட்டார்கள். இரண்டு வேலை பார்ப்பதற்காக அவன் வேகத்தை இன்னும் ஒரு படி கூட்ட ஒத்துக்கொண்டு, தன் விரலால் அழுத்தியிருந்தான்.

உச்சிவெயிலில் மயில்சாமியே வந்தான். சண்டை போட வரவில்லை, அவன் முகத்தில் கோபம் தீர்ந்திருந்தது. லைன் இப்போது குதிரை மாதிரி ஓடுகிறதாம். ஒரே ஒரு கஷ்டம், பெட்டி கொதிக்கிறது, பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. அவன் வீட்டு ஃபேன் போன வாரமே நின்றுவிட்டது.

“உங்க பொட்டிதான் ஓடறதில்லீங்களே. உங்க டேபிள் ஃபேனைச் சித்த குடுங்ணா.”

வெள்ளிங்கிரி ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, ஃபேனைத் தானே தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனார். திரையில் கை இருந்தது. மேசை விளிம்பைத் தொடவே இல்லை. மயில்சாமி பெட்டியின் தலையை மாட்டைத் தட்டுவது மாதிரி தட்டினான்.

“பாருங்ணா என்ற கைய. உங்க வேலையும் சேத்து ஓட்டறான். நான் மிஷின்ல இருந்தப்பவே இப்பிடித்தானுங்களே?”

“ஆமா மயிலு” என்றார் வெள்ளிங்கிரி. பிறகு, “ஒரு படி கொறச்சு வெய்யி” என்றார்.

“பொறாமைப்படாதீங்ணா.”

 வெள்ளிங்கிரி ஒரு முக்காலியை இழுத்து, ஃபேனைப் பெட்டிக்கு நேராக வைத்து, கடைசி வேகத்தில் திருகினார். காற்று சரியாகப் போகிறதா என்று பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ஃபேனின் கழுத்தைச் சற்று கீழே சாய்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பெட்டிதான் ஆறிவிடுமே, நீங்கள் போங்கள் என்று மயில்சாமி சொன்ன பிறகு வந்தார்.

பொழுது சாயும்போது துளசிமணி குடோனிலிருந்து வந்தாள். சாயத்துணியின் தூசி வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் நீலமாக இறங்கியிருந்தது. வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி முகத்தைத் தூக்கினாள். கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் திறந்தாள்.

“ஃபேன் எங்கீங் மாமா?”

“மயிலு பொட்டிக்குக் குடுத்திருக்கறேன். சூடாகுதாம்.”

அவள் அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஏதோ கேட்கப்போகிறாள் என்று இருந்தது. கேட்கவில்லை. முந்தானையை உருவிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்ற வைக்க எழுந்து போனாள்.